கைதட்டலும் கருத்தும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (புள்ளியியல்)

முன்னுரை

மாநாடு என்றதும் நம் கண்முன் வருபவை மேடை, தோரணம், ஒலிபெருக்கி, பொன்னாடை, நன்றியுரை ஆகியவையே. நன்றியுரை முடிந்து நாட்டுப்பண் பாடியதும் எல்லாம் நிறைவேறிவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறோம். ஆனால் மாநாட்டை நடத்தியவர்களுக்கு அப்பொழுதுதான் ஒரு வேலை தொடங்குகிறது. வந்தவர்கள் எதைப் பெற்றுச் சென்றார்கள், எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை என்று அறிவதே அந்த வேலை.

"கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்ததே, அது போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. கைதட்டல் பாராட்டுக்கும் எழும், மரியாதைக்கும் எழும், பேச்சு ஒருவழியாக முடிந்ததே என்ற மகிழ்ச்சிக்கும் எழும்! வள்ளுவர் பொருட்பாலில் 'அவையறிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார். பேசுமுன் அவையை அறிய வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. பேசி முடித்த பின்னும் அவையை அறிய வேண்டும் என்பது நாம் வகுப்பில் கற்கும் புள்ளியியல் காட்டும் நெறி. அந்த நெறியை, வெளியுறவுக் கொள்கை மாநாடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கட்டுரையில் காண்போம்.

வெளியுறவு மாநாட்டில் என்ன தனிச்சிறப்பு?

இந்திய மண்ணுக்கு இத்தகைய மாநாடுகள் புதியவை அல்ல. நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்பு, 1947 மார்ச்சு இறுதியில், டில்லிப் பழைய கோட்டையில் ஆசிய உறவுகள் மாநாடு கூடியது. 1943-இல் தோன்றிய இந்திய உலக விவகார மன்றம் அதை நடத்தியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1963 முதல் பாதுகாப்பு மாநாடு கூடி வருகிறது. டில்லியில் 2016-இல் தொடங்கிய ரெய்சினா உரையாடலை, அப்சர்வர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியுறவு அமைச்சகத்துடன் இணைந்து நடத்துகிறது. அமைச்சர்கள், தூதர்கள், படைத்தலைவர்கள், பேராசிரியர்கள், இதழாளர்கள் எனப் பலரும் இவற்றில் ஒரே கூரையின்கீழ் அமர்கிறார்கள்.

ஒரு பொருட்காட்சிக்கு வந்தவரிடம் கருத்துக் கேட்பது எளிது. பிடித்திருந்தால் பிடித்தது என்பார். இல்லையென்றால் இல்லை என்பார். வெளியுறவு மாநாட்டுக்கு வந்தவர் நிலை அப்படியன்று. முதலாவதாக, அவர் வாய் முழுவதும் அவருடையது அன்று. பாதி அவருடைய அரசுக்குச் சொந்தம். இரண்டாவதாக, வந்தவர்களின் தாய்மொழிகள் பல. மேடை மொழியோ ஒன்றிரண்டு. மூன்றாவதாக, அங்கே பேசியதன் பயன் அன்று மாலையே தெரிவதில்லை. சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். இந்த மூன்று இடர்களையும் கடந்து உண்மையை எப்படி அறிவது? இதுவே நம் கேள்வி.

திரும்பி வராத படிவங்கள்

கருத்துப் படிவம் கொடுத்தோம், வந்ததை எண்ணினோம், முடிவு சொன்னோம். பெரும்பாலோர் செய்வது இவ்வளவே. இதில் ஒளிந்துள்ள ஆபத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

ஒரு மாநாட்டுக்கு 200 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தை நிரப்பித் தந்தவர்கள் 60 பேர். அவர்களுள் 48 பேர் 'மாநாடு பயனுள்ளது' என்று குறித்தார்கள். 60-இல் 48 என்றால் 80 விழுக்காடு. அறிக்கையில் 'எண்பது விழுக்காட்டினர் பாராட்டு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஆனால் படிவம் தராத 140 பேர் என்ன நினைத்தார்கள்? அவர்கள் அனைவரும் பயனில்லை என்று நினைத்திருந்தால், பாராட்டியவர் 200-இல் 48, அதாவது 24 விழுக்காடு மட்டுமே. அனைவரும் பயனுள்ளது என்று நினைத்திருந்தால் 200-இல் 188, அதாவது 94 விழுக்காடு. ஆக, உண்மை 24-க்கும் 94-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. 80 என்ற எண் இந்த இடைவெளியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

படிவங்களின் தொகை பெரிதானால் இக்குறை நீங்கிவிடுமா? நீங்காது. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி! தொலைபேசிப் பட்டியல், மோட்டார் வண்டிப் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து இதழ் முகவரி எடுத்தது ஒரு காரணம். அந்நாளில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனத்தினர் அல்லர் என்பது மற்றொரு காரணம். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் அதைவிட மிகக் குறைந்த பேரைத் தக்க முறையில் தேர்ந்து கேட்டு, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

எனவே மாநாடு நடத்துவோர் செய்ய வேண்டியது இது: படிவம் தராதவர்களுள் ஒரு இருபது பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, நேரிலோ தொலைபேசியிலோ பொறுமையுடன் கேட்க வேண்டும். தானாக வந்த அறுபதைவிடத் தேடிப் போய்க் கேட்ட இருபது சில வேளைகளில் அதிகம் சொல்லும்.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. வந்தவர்களைக் கேட்பது வேறு; அந்தக் கொள்கையால் பாதிக்கப்படுபவர்களைக் கேட்பது வேறு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974-இலும் 1976-இலும் கடல் எல்லை உடன்பாடுகள் ஏற்பட்டன. பாக் நீரிணை மீன்பிடிப்பு பற்றி ஒரு மாநாடு கூடுகிறது என்று கொள்வோம். மண்டபத்தில் இருகரை மீனவரும் இல்லையென்றால், வந்தவர் அனைவரும் 'மிக நன்று' என்று எழுதினாலும் அது மண்டபத்தின் கருத்தேயன்றிக் கடற்கரையின் கருத்தாகாது.

ஐந்து கட்டங்களின் கதை

கருத்துப் படிவம் என்றாலே 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதில் தொடங்கி 'முழுமையாக மறுக்கிறேன்' என்பது வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். இந்த முறையை 1932-இல் வகுத்துத் தந்தவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலார். அவர் முதன்முதலில் அதைக் கொண்டு அளந்தவற்றுள் பன்னாட்டு உறவுகள் பற்றிய மனப்பாங்கும், ஏகாதிபத்தியம் பற்றிய மனப்பாங்கும் இருந்தன. அளக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள்! இன்று உணவுவிடுதியிலும் வங்கியிலும் நீட்டப்படும் இந்த ஐந்து கட்டங்கள் வெளியுறவு பற்றிய கேள்விகளில்தான் தவழத் தொடங்கின என்பது வியப்புக்குரிய செய்தி.

ஆனால் கட்டங்களுக்கு 5, 4, 3, 2, 1 என மதிப்பெண் தந்து சராசரி காண்பதோடு நின்றுவிடக் கூடாது. 100 பேரில் 50 பேர் 5-உம், 50 பேர் 1-உம் தந்தால் சராசரி 3. நூறு பேரும் 3 தந்தாலும் சராசரி 3. முதல் மண்டபத்தில் இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டாவது மண்டபத்தில் யாருக்கும் அக்கறை இல்லை. வேறு பொருளில் இந்த வேற்றுமை சிறியதாக இருக்கலாம். போர், எல்லை, ஆற்றுநீர் பற்றிப் பேசும் மாநாட்டில் நாம் அறிய வேண்டியதே இந்த வேற்றுமைதான். ஆதலால் சராசரியோடு திட்டவிலக்கத்தையும், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

கேள்வியின் சொல்லமைப்பும் முக்கியம். 'பேச்சாளர் தெளிவாகவும் நடுநிலையோடும் பேசினாரா?' என்பது ஒரு கேள்வி அன்று, இரண்டு. தெளிவாகப் பேசிய, ஆனால் ஒருபக்கம் சாய்ந்த பேச்சாளருக்கு என்ன விடை எழுதுவது?

கேள்விகளின் வரிசைகூட விடையை மாற்றும். 1948-இல் ஹைமன், ஷீட்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: பொதுவுடைமை நாடுகளின் செய்தியாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து, தாம் கண்டதைத் தம் இதழ்களுக்கு எழுத விடலாமா? இதை முதலில் கேட்டபோது விடலாம் என்றவர்கள் சுமார் 36 விழுக்காடு. 'அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யா அவ்வாறு விட வேண்டுமா?' என்று முதலில் கேட்டுவிட்டு இதை இரண்டாவதாகக் கேட்டபோது, விடலாம் என்றவர்கள் சுமார் 73 விழுக்காடு! தனக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்று சொல்ல மனம் கூசுகிறது அன்றோ? இதற்குப் பரிகாரம் எளிது: படிவங்களில் பாதியை ஒரு வரிசையிலும் மறுபாதியை வேறு வரிசையிலும் அச்சிட்டு, கலந்து வழங்க வேண்டும்.

பூவா, தலையா?

அரசுக்குக் கட்டுப்பட்டவர் மனம் திறந்து சொல்ல வழி உண்டா? இலண்டனில் 1920-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு விவகாரக் கழகம் தன் இல்லத்தின் பெயரால் 'சாத்தம் இல்லம்' என்று வழங்கப்படுகிறது. அது 1927-இல் ஒரு விதி வகுத்தது. 1992-இலும் 2002-இலும் அதைத் திருத்தியது. கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பினர் என்பதை வெளியிடக் கூடாது என்பதே அவ்விதியின் சாரம். உலகின் பல மாநாடுகள் இன்று இதைப் பின்பற்றுகின்றன.

கருத்துப் படிவத்துக்கும் இந்த விதி பொருந்த வேண்டும். படிவத்தில் பெயர் கேட்கவில்லை என்பது மட்டும் போதாது. நாடு, பதவி, வயது ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டால், ஒரே ஒருவரை அனுப்பிய நாட்டின் பிரதிநிதி அப்படியே அகப்பட்டுக்கொள்வார். எனவே தேவையற்ற விவரம் கேட்காமலும், மிகச் சிறிய குழுக்களின் விடைகளைத் தனியே வெளியிடாமலும் இருப்பது முறை.

இதனினும் நுட்பமான வழி ஒன்றை ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-இல் புள்ளியியலுக்குத் தந்தார். அவருடைய கருத்தின் எளிய வடிவம் ஒன்றை இங்கே சொல்கிறேன். 'இன்று பேசப்பட்ட பொருளில் என் அரசின் நிலை எனக்குச் சரியாகப் படவில்லை' என்பது வாக்கியம். விடை தருபவர் தனியிடம் சென்று ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், மனத்தில் எது இருந்தாலும் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். பூ விழுந்தால் உண்மையைக் குறிக்க வேண்டும். இனி யாருடைய படிவத்தில் 'ஆம்' இருந்தாலும் அவரைக் குற்றம் சாட்ட இயலாது. நாணயத்தின் தலை சொன்ன 'ஆம்' என்று அவர் நிமிர்ந்து நிற்கலாம்.

ஆனால் மொத்தத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும். 100 பேரில் 65 பேர் 'ஆம்' என்றார்கள் என்க. தலை விழுந்ததால் 'ஆம்' என்றவர்கள் ஏறத்தாழ 50 பேர் இருப்பர். மீதி 15 'ஆம்' பூ விழுந்த 50 பேரிடமிருந்து வந்தது. 50-இல் 15 என்றால் 30 விழுக்காடு. இந்த மதிப்பீட்டின் திட்டப்பிழை 10 விழுக்காட்டை ஒட்டி வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. நேரே கேட்டால் வரும் பிழையைவிட அது பெரிது. அஞ்சி எழுதிய துல்லியமான பொய்யைவிட, அஞ்சாமல் எழுதிய தோராயமான உண்மை மேல் என்பதால் இந்த விலையைக் கொடுக்கலாம்.

எந்த மொழியில் கேட்பது?

2007 அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலிருந்தும் முறைப்படித் தேர்ந்தெடுத்த 362 பொதுமக்களைப் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அழைத்து, ஒன்றியத்தின் விரிவாக்கம், உலகில் அதன் பங்கு முதலியவை பற்றி விவாதிக்கச் செய்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடந்தது. தத்தம் மொழியில் கேட்டு, தத்தம் மொழியிலேயே பேசினார்கள். ஜேம்ஸ் ஃபிஷ்கின் 1988-இல் முன்வைத்த முறை இது. விவாதத்துக்கு முன்பும் பின்பும் அதே கேள்விகளைக் கேட்டு, கருத்து எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது இதன் உயிர்நாடி.

மொழியைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். ஊரில் கிராமசபைக் கூட்டம் நடக்கும்போது, "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று இறுதியில் கேட்பார்கள். அம்மா ஒருநாளும் எழுந்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஆனால் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்தக் கணக்கு இடிக்கிறது, எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அம்மாவுக்குக் கருத்து இல்லாமலில்லை. கேட்ட இடமும், கேட்ட முறையும், கேட்ட சொற்களும் அந்தக் கருத்து வெளிவரத் தக்கவையாக இல்லை.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கிலும் இதையே கண்டேன். ஆங்கிலப் படிவம் தந்து, ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கேட்டார்கள். தமிழ்வழியில் படித்து வந்த நண்பர்கள் அமர்ந்திருந்த மூன்று பெஞ்சுகளில், முதல் ஆள் குறித்த கட்டமே கடைசி ஆள் வரை சென்றது. அந்தப் பதினைந்து படிவங்களும் கணக்கில் பதினைந்து, கருத்தில் ஒன்றே! எழுத இடர்ப்படுவோரிடம் அவரவர் மொழியில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்வதே தக்க வழி. நம் கிராமங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் செய்துவந்ததும் அதுதானே?

எப்போது கேட்பது?

1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர், பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்றார். பிடித்திருந்ததா? எதைக் கற்றார்? நடத்தை மாறியதா? அதனால் விளைந்தது என்ன? வாயிலில் வாங்கும் படிவம் பெரும்பாலும் முதற் படியைத் தாண்டுவதில்லை. 'உணவு நன்று, இருக்கை வசதி, ஒலிபெருக்கி சுமார்' என்பதோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதம் கழித்து, 'அங்கே அறிமுகமானவரோடு ஒரு கடிதமேனும் பரிமாறினீரா? அங்கே கேட்ட எதையாவது உம் அலுவலகக் குறிப்பில் சேர்த்தீரா?' என்று கேட்டால்தான் மூன்றாம் படி புலப்படும். 'செய்வீரா?' என்பதைவிடச் 'செய்தீரா?' என்ற கேள்வி வலியது.

நான்காம் படிக்கு இன்னும் பொறுமை வேண்டும். அணுகுண்டு பற்றிக் கவலையுற்ற அறிவியலார் 22 பேர் 1957 சூலையில் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில் கூடினார்கள். அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அன்று மாலை அவர்களிடம் படிவம் தந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? அதன் தொடர் உரையாடல்கள் 1963-இல் கையெழுத்தான அணுவெடிப்புச் சோதனைத் தடை உடன்பாட்டுக்குத் துணைநின்றன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. 1995-இல் அந்த இயக்கத்துக்கும் ஜோசப் ராட்பிளாட்டுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. விதைத்த அன்றே விளைச்சலை அளக்க முடியாது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவுரை

நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் மன்ற விழாக்களும் கருத்தரங்குகளும் நடைபெறுகின்றன. டில்லியிலும் மியூனிக்கிலும் பொருந்தும் முறை இங்கும் பொருந்தும். கேள்விகள் பத்துக்குமேல் வேண்டா. படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பெயர் வேண்டா. கைப்பேசி வழியாகக் கேட்பதானால், எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ பதிவாகாதபடி அமைக்கட்டும். கைப்பேசி இல்லாதவர்க்குத் தாளும் இருக்கட்டும். வராத படிவங்களின் எண்ணிக்கையை வந்தவற்றின் எண்ணிக்கைக்கு அருகிலேயே எழுதட்டும். புள்ளியியல் துறை மாணவர்களாகிய நாங்கள் அக்கணக்கைப் போட்டுத் தர அணியமாக இருக்கிறோம்.

கேட்டதோடு கடமை முடிவதில்லை. 'நீங்கள் சொன்னவற்றுள் இவற்றை ஏற்றோம். இவற்றை இன்ன காரணத்தால் ஏற்க இயலவில்லை' என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அறிவிக்க வேண்டும். ஒருமுறை சொல்லி அது செவியேறவில்லை என்று கண்டவர், மறுமுறை 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாடுகளுக்கு இடையிலான மாநாடானாலும், கிராமசபையானாலும், நம் மன்றக் கூட்டமானாலும், கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருப்பவரும் வந்தவர் கணக்கில் ஒருவரே. அவர் அடுப்படியில் சொல்வதை அவையில் சொல்ல வைக்கும் முறையைக் கற்பது, புள்ளியியல் படிக்கும் நமக்கு உரிய பணியாகும்.